பொடி வைத்து ஊதிய கல்

கொழும்புச் செட்டியார் தெருவில் மாமாவின் பட்டறை ஒரு நகைக்கடைக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது. கீழே கண்ணாடியும் குளிரூட்டியும். மேலே மின்விசிறியைக்கூட அவர் லேசில் ஓடவிட மாட்டார். அராவிய பொன்தூள் பறந்துவிடும். போன வருடம் ஒரு மழைநாளில் அந்தப் புழுக்கத்துக்குள் உட்கார்ந்து, பால்மா டின்னுக்குள் நான் பொத்திவைத்திருக்கும் கறுப்பு வில்லையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஐந்து ரூபாய்க் குத்தியின் அகலம், ஒரு விரல் தடிப்பு.

இதைப் பார்ப்பவர்கள் வழக்கமாக என்ன விலை, எதற்கு உதவும், கல்லா இரும்பா என்றுதான் கேட்பார்கள். மாமா லென்ஸைக் கண்ணில் செருகித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவில ஒரு சின்னச் சதுரம் இருக்கு. அதில இருந்து நாலு பக்கமும் கோடு ஓடுது. உருக்கி ஆறவிட்ட சாமான். இதுக்குள்ள என்ன கலந்திருக்கு, தம்பி?"

வெளிநாட்டில் நான் இதைப் படித்த வருடங்களில் ஒரு பரீட்சகர்கூட இவ்வளவு நேராக விஷயத்துக்கு வரவில்லை. கலந்தது என்ன என்பதுதான் இந்த வில்லையின் முழுக் கதையும். இது ஒரு மீகடத்தி: கடுங்குளிரில் மின்னோட்டத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் பொருள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்: மிகையாகப் போட்ட இத்திரியம், துளி சீரியம், கொஞ்சம் வெள்ளி. மாமா சிரித்தார். "அப்ப நீ கலப்படத்துக்கோ படிச்சனி?"

ஓம், அதற்குத்தான். அன்றைக்கு அவருக்கு அரையும் குறையுமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். இலங்கைப் பாடப்புத்தகச் சொற்களே எனக்குக் கைக்கு வரும்: மீகடத்தி, பளிங்கு, ஒட்சிசன், நாகம். தமிழ்நாட்டு நண்பர்கள் மீக்கடத்தி, படிகம், ஆக்சிஜன், துத்தநாகம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

பழைய கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1986இல் சூரிச்சில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் ஒரு செப்பு ஒட்சைட்டில் மீகடத்தலைக் கண்டார்கள். மறு வருடமே அமெரிக்காவில் வூவும் சூவும் இத்திரியம், பேரியம், செப்பு மூன்றையும் 1-2-3 என்ற விகிதத்தில் கொண்ட ஒட்சைட்டை ஏறத்தாழ 93 கெல்வினில் (பூச்சியத்துக்குக் கீழே 180 பாகை செல்சியஸ்) மீகடத்தியாக்கினார்கள். நைதரசன் 77 கெல்வினில் கொதிக்கும். ஆகவே விலைகூடிய திரவ ஈலியம் வேண்டாம், திரவ நைதரசனே போதும். அந்த வருடம் உலகம் துள்ளியது. அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. தூளை அழுத்திச் சுட்ட வில்லைகளில் ஒவ்வொரு மணியும், அதாவது ஒவ்வொரு குட்டிப் பளிங்கும், தனித்தனியே மீகடத்தி. ஆனால் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு மின்னோட்டம் தாண்ட மறுத்தது. 1988இல் பெல் ஆய்வுகூடத்தில் சுங்கோ ஜின்னும் கூட்டாளிகளும் பொருளை உருக்கி மெல்ல ஆறவிட்டுப் பார்த்தார்கள். மணிகள் ஒழுங்காக வரிசைப்பட்டு வளர்ந்தன, ஓட்டம் பல மடங்கு கூடியது. இன்றைக்கு மேலே ஒரு சிறிய வித்துப் பளிங்கை வைத்து, முழு வில்லையையும் ஒரே பளிங்காக வளர்க்கிறார்கள். மாமா பார்த்த சதுரம் அந்த வித்து.

சரி, ஒரே பளிங்கு கிடைத்துவிட்டது. அது பூரண சுத்தமாக இருந்துவிட்டால்?

சுத்தமாக இருந்தால் அது ஒரு நோஞ்சான். இந்த வகை மீகடத்திக்குள் காந்தப்புலம் மெல்லிய நூல்களாக நுழைகிறது. ஒவ்வொரு நூலும் ஒரே அளவு காந்தப் பாயத்தைச் சுமக்கும். நடுத்தண்டு சில நனோமீற்றர்தான். மின்னோட்டம் பாயும்போது அது அந்த நூல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நூல் நகர்ந்தால் சக்தி இழப்பு, பிடித்து வைத்த காந்தப்புலமும் கசிந்து போகும். நூலை நகரவிடாமல் கட்டிப்போட, ஆடுமாடு கட்ட அடிக்கும் முளை மாதிரி, உள்ளே ஏதாவது வேண்டும். குறையே இல்லாத பளிங்கில் முளை ஏது? அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பளிங்கை எப்படிச் சரியாகக் கெடுப்பது என்பதிலேயே வாழ்நாளைக் கழிக்கிறார்கள்.

முதல் முளை இந்தப் பளிங்கின் சொந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. 123ஐ, அதாவது அந்த 1-2-3 ஒட்சைட்டை, சூடாக்கினால் பனிக்கட்டி போல முழுக்க உருகாது. காற்றில் ஏறத்தாழ 1010 பாகை செல்சியஸில் அது இரண்டாகப் பிரிகிறது: பேரியமும் செப்பும் மிகுந்த ஒரு திரவம், அதற்குள் மிதக்கும் பச்சை நிறத் திண்மம். அந்தத் திண்மத்தில் இத்திரியம், பேரியம், செப்பு 2-1-1 விகிதத்தில் இருப்பதால் 211 என்பார்கள். ஆய்வுகூடத்தில் நாங்கள் வெறுமனே 'பச்சை' என்றுதான் கதைப்போம். ஆறவிடும்போது எதிர்ப்பாதை. பச்சைத் துகள் கரைந்து இத்திரியத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும், அது திரவத்துக்குள் ஊர்ந்து வளரும் முகப்பை அடைந்து அங்கே கறுப்புப் பளிங்காக ஒட்டும். இத்திரியம் அந்தத் திரவத்தில் மிகச் சொற்பமாகவே கரையும். ஆகவே வளர்ச்சி ஆமை வேகம். மணித்தியாலத்துக்கு ஒரு பாகை, சிலவேளை அதிலும் குறைவாக உலையை இறக்கிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கரையாமல் மிஞ்சிய பச்சைத் துகள்களைப் பளிங்கு அப்படியே விழுங்கிக்கொள்கிறது. அவைதான் முளை. அதனால் தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் பச்சையைக் கலந்துவிடுவார்கள். அது திரவம் வழிந்து ஓடாமலும் பிடித்து வைக்கிறது. திரவத்தை வைக்கோலோடு சேர்ந்த சேறு மாதிரி நிற்க வைக்கும். ஆனால் பச்சைத் துகள் மைக்குரோமீற்றர் அளவு, நூலோ நனோமீற்றர் அளவு. யானையில் நூல் கட்டுவது போல. நூல் சிக்குவது பெரும்பாலும் துகளின் விளிம்பில்தான், கறுப்பும் பச்சையும் சந்திக்கும் எல்லையில். ஆகவே எவ்வளவு பச்சை என்பதோடு, எவ்வளவு எல்லைப் பரப்பு என்றும் கேட்க வேண்டும். ஒரே அளவு பச்சையைப் பொடிப்பொடியாக வைத்தால் பரப்புக் கூடும்.

இங்கேதான் உலை சதி செய்யும். உருகிய நிலையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பெரிய துகள் சின்னத் துகளைத் தின்று கொழுக்கும். சின்னது கரையும், பெரியது பெருக்கும். எவ்வளவு நுண்மையாக அரைத்துப் போட்டாலும் வளர்ந்து முடியும்போது பருமணல்தான் மிஞ்சும். இதைத் தடுக்க இரண்டு பொருள்கள் பேர்போனவை. ஒன்று பிளாற்றினம். மற்றது சீரியம் ஒட்சைட்டு. நூற்றில் அரைப்பங்கு, கூடினால் ஒரு பங்கு. இவ்வளவு போட்டால் துகள்கள் உருண்டு திரளாமல் மெல்லிய ஊசிகளாக, சிறியவையாக நின்றுவிடுகின்றன. துகளும் திரவமும் தொடும் மேற்பரப்பின் சக்தியை இவை மாற்றிவிடுவதே காரணம் என்று சொல்வார்கள். சிறிய துகள் சீக்கிரம் கரையும் என்பதால் பளிங்கு வளர்வதற்கான இத்திரியமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.

புத்தகத்தில் இதை எத்தனையோ முறை வாசித்திருந்தேன். கண்ணால் கண்டது கொழும்பில், ஒரு மின்வெட்டின் புண்ணியத்தில்.

2022இன் தொடக்கம். படித்த இடத்திலிருந்து கொண்டுவந்த மிச்சத் தூள் என்னிடம் கொஞ்சம் இருந்தது, இரண்டு வித்துத் துண்டுகளும் இருந்தன. தெகிவளையில் களிமண் சிற்பம் செய்யும் தோழியின் மின்னுலையை ஐந்து நாளுக்குக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். சீரியத்துக்கு எங்கே போவது? கல் பட்டை தீட்டும் ஒருவர் கொடுத்தார். செவ்வந்திக்கல் போன்ற படிகக் கற்களை மினுக்க அவர்கள் பாவிப்பது அதே சீரியம் ஒட்சைட்டுத்தான். கொழும்பில் மாணிக்க வியாபாரம் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை. அந்தத் தூளில் இலந்தனம் என்ற வேறொரு மூலகமும் கலந்திருக்கக்கூடும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். இரண்டு வில்லை அழுத்தினேன். ஒன்றில் அந்த மினுக்குத் தூள், மற்றதில் இல்லை. அருகருகே உலையில் வைத்தேன்.

மின்வெட்டு அட்டவணைகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அந்தக் கிழமை எங்களுக்கு இல்லை என்று நம்பினேன். மூன்றாம் நாள் இரவு போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் கழித்து மின்சாரம் வந்தபோது உலை நூற்றுக்கணக்கான பாகை இறங்கியிருந்தது. மணித்தியாலத்துக்கு ஒரு பாகை என்று தவமிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தோழி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் மனமில்லாமல் கிடந்துவிட்டு, எறிவதற்கு முன் வெட்டியாவது பார்ப்போம் என்று அதே பட்டை தீட்டுபவரிடம் போனேன். வாளால் நடுவே பிளந்து, மினுக்கி, கல் பார்க்கும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். வித்துக்குக் கீழே சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சதுரம் வளர்ந்து அப்படியே நின்றிருந்தது. அதைச் சுற்றி, பாதியில் உறைந்த சேறு. வளர்ச்சி நடந்துகொண்டிருந்த அந்தக் கணத்தைப் பிடித்து வைத்த நிழற்படம் போல. பெரிய ஆய்வுகூடங்களில் இதையே வேண்டுமென்று செய்வார்கள், வளரும்போது சட்டென்று குளிரவைத்து உள்ளே பார்ப்பார்கள். எனக்கு அதை மின்வெட்டு செய்து தந்தது.

சீரியம் இல்லாத வில்லையில் பச்சை மணிகள் குண்டு குண்டாக, கிழவன் பல்லுப் போல ஒழுங்கில்லாமல் கிடந்தன. சீரியம் போட்ட வில்லையில் அதே பச்சை நெல்லுமி சிதறியது போல மெல்லிசாக, எங்கும் நிறைந்து இருந்தது. ஒரே தூள், ஒரே உலை, ஒரே மூன்று நாள். பட்டை தீட்டுபவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானும் ஒருதரம் பார்த்தார். "என்ர மினுக்குத் தூளா இந்த வேலை பார்த்தது?" என்றார். மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போகத் தொடங்கிய பிறகு உலை என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

சீரியத்தின் இந்த நல்ல குணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 123இல் இத்திரியத்தின் இடத்தில் நியோடிமியம், சமாரியம், கடோலினியம் என்று அதன் இனத்தைச் சேர்ந்த பெரும்பாலான அருமண் மூலகங்களை வைக்கலாம், மீகடத்தல் கெடாது. அவற்றில் பல தாமே காந்தத்தன்மை உள்ளவை என்பதை நினைத்தால் இது அதிசயம்தான். சீரியமோ அந்தக் கட்டமைப்புக்குள் போகாது. உருகலில் பேரியத்தோடு சேர்ந்து தனிச் சேர்வையாக ஒதுங்கிவிடும். வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் நின்று வேலை செய்துவிட்டுப் போகும் ஆள். ஆனால் அள்ளிப் போட்டால் பேரியத்தை அதிகம் பிடித்துக்கொண்டு கலவையின் கணக்கையே குழப்பிவிடும்.

வீட்டுக்குள் நுழைகிற ஆள் எப்படி இருப்பார் என்று தெரிய நாகத்தைப் பார்க்க வேண்டும். நாகம் செப்பின் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடும், அதுவும் மீகடத்தல் நடக்கும் தளங்களிலேயே. செப்பணுக்களில் நூற்றுக்கு ஒன்றை மாற்றினால் மீகடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 10 கெல்வின் இறங்கிவிடும். இதைச் சொன்னபோது மாமா தலையாட்டினார். பொன்னில் ஈயம் ஒரு பொட்டுச் சேர்ந்தாலே போதும், தட்டும்போது வெடிக்கும். செப்பும் வெள்ளியும் பன்னிரண்டில் ஒரு பங்கு சேர்ந்தாலும் 22 கரட் நகை நல்ல நகைதான். அவருக்கு இது தெரிந்த நியாயம். ஆனால் ஜேர்மனியில் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அந்த நாகத்தையே மிக மிகச் சொற்பமாகச் சேர்த்தார்கள். ஆங்காங்கே சிதறிய நாக அணு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சில நனோமீற்றருக்கு மீகடத்தலை நலிவாக்கும். நூலின் தண்டுக்கு அளவெடுத்துத் தைத்த குழி. பச்சைத் துகளால் முடியாத நுண்மையான பிடிப்பு அதனால் கிடைத்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தத் துறையிலேயே பிடித்த வேலை அதுதான். கெட்ட பேர் வாங்கிய ஒன்றை எடுத்து, அந்தக் கெட்ட குணத்தையே வேலைக்கு வைத்தார்களே.

வேண்டாத கலப்பும் உண்டு. அந்தப் பேரியம், செப்புத் திரவம் எதையும் அரித்துத் தின்னும். அலுமினா மூசையில் வைத்தால் அலுமினியத்தைக் கரைத்துத் தனக்குள் எடுத்துக்கொள்ளும், பிளாற்றினத்தைக்கூட விடாது. படிக்கும் காலத்தில் ஒருதரம் அடியில் தடுப்புத் தூள் பரப்ப மறந்து வில்லையை நேரே அலுமினாத் தட்டில் வைத்துவிட்டேன். காலையில் தட்டோடு ஒட்டி, பாதித் திரவம் வடிந்து, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருந்தது. தட்டின் விலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசம்.

வெள்ளிக்கு வருவோம். மாமாவுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பத்தர்கள் இரண்டு பொன் துண்டுகளை ஒட்டுவதற்குப் பொன்னோடு வெள்ளியும் செப்பும் கூட்டிய பொடியை மூட்டில் வைத்து ஊதுவார்கள். பொன்னுக்கு முன் பொடி உருகி மூட்டை நிரப்பும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்பதும் அந்த வழி வந்த பேச்சுத்தான் என்பார் மாமா. மீகடத்தியில் வெள்ளி செய்வதும் கிட்டத்தட்ட அதே தொழில். நூற்றுக்குப் பத்துப் பங்கு, பதினைந்து பங்கு வரை சேர்க்கலாம், மீகடத்தலைத் தொடாது. 123 பிரியும் வெப்பநிலையைச் சில பத்துப் பாகை இறக்கிவிடும், ஆகவே வித்து கரையுமோ என்ற பயம் குறையும். ஆறும்போது துவாரங்களிலும் வெடிப்புகளிலும் போய் நிரம்பும்.

வெடிப்பு இந்தக் கல்லின் தலையெழுத்து. வளர்ந்த பளிங்கில் ஒட்சிசன் போதாது. 400, 500 பாகையில் ஒட்சிசனுக்குள் நாள்கணக்காக வைத்து ஊட்ட வேண்டும், அப்போது பளிங்கு சுருங்கிக் கோடு விடும். பிறகு அதற்குள் காந்தப்புலத்தைச் சிறைப்பிடித்தால் அந்தப் புலமே கல்லை உள்ளிருந்து வெளியே தள்ளும். புலம் 17 டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் போனால் காந்த அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும், இது வெறும் பீங்கான். 2003இல் ஜப்பானில் டொமிட்டாவும் முரகாமியும் வளர்ந்து முடிந்த கல்லுக்குள் வெற்றிடத்தில் பிசினை ஊறவைத்து, உருகுநிலை குறைந்த ஒரு கலப்புலோகத்தையும் புகட்டி, 29 கெல்வினில் 17.24 டெஸ்லா பிடித்தார்கள். 2014இல் கேம்பிரிட்ஜ் குழு கடோலினியப் பளிங்கில் வெள்ளி சேர்த்து, துருப்பிடிக்காத உருக்கு வளையத்தைச் சூடாக்கி மாட்டி இறுக்கி, 26 கெல்வினில் 17.6 டெஸ்லா கண்டது. 11 வருடத்தில் அரை டெஸ்லாகூடக் கூடவில்லை. முளையடிப்பதில் இருந்த பிரச்சினை போய், உடையாமல் வைத்திருப்பதே பிரச்சினையாகிவிட்டது. வண்டிலுக்கு இரும்புப் பட்டம் அடிப்பதும் இப்படித்தான் என்றார் மாமா. சரிதான்.

யுரேனியத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. ஹூஸ்டனில் யுரேனியம் 235 கலந்து வளர்த்த பளிங்கை நியூத்திரன்களால் அடித்தார்கள். அணு பிளந்து பறக்கும் துண்டுகள் பளிங்குக்குள் தடம் கீறும், அந்தத் தடங்களே முளை. பிடிப்பு நன்றாகவே கூடியது, கதிர்வீச்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நியூத்திரனே இல்லாமலும் யுரேனியச் சேர்வைகள் பளிங்குக்குள் நுண்துகள்களாக நின்று உதவும்.

யுரேனியம் என்றதும் எனக்கு ஆனந்த குமாரசுவாமி ஞாபகம் வருவார். கலை, சிற்பம் என்று எழுதியவராகத்தான் எங்களுக்கு அவரைத் தெரியும். 1877இல் கொழும்பில் பிறந்த அவர் முதலில் புவியியலாளர், இலங்கைக் கனிமவளக் கணக்கெடுப்பின் முதல் பணிப்பாளர். பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த ஒரு கனமான கறுப்புக் கனிமத்தை 1904இல் வெளிக்கொண்டு வந்தவர் அவரே. தோரியமும் யுரேனியமும் கொண்ட அதற்குத் தோரியனைட்டு என்று பெயர் விழுந்தது. தோரியம், சீரியம், யுரேனியம் மூன்றின் ஈரொட்சைட்டுகளுக்கும் ஒரே பளிங்குக் கட்டமைப்பு. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டிலும் சீரியம் உண்டு. இவற்றால் என் வில்லைக்கு ஒரு பயனும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மாமாவின் பட்டறைக்கு அன்று பின்னேரம் ஒரு நண்பன் ஆய்வுகூடத்திலிருந்து குடுவையில் திரவ நைதரசன் கொண்டுவந்தான். வில்லையின் மேல் மடித்த மட்டை, மட்டையின் மேல் சின்னக் காந்தம். புகை பொங்கி அடங்கியதும் மட்டையை உருவினேன். காந்தம் அந்தரத்தில் நின்றது. மாமா பித்தளைக் குறட்டால் பக்கவாட்டில் தள்ளினார், அது திமிறித் தன் இடத்துக்கே திரும்பியது. சுற்றிவிட்டார், பம்பரமாய்ச் சுற்றியது. வில்லையைக் கவிழ்த்துப் பிடித்தேன், காந்தம் விழாமல் கீழே தொங்கியது. பக்கத்து மேசைப் பெடியன் ஊதுகுழலை வைத்துவிட்டு வந்து நின்றான்.

"பிடிச்சு வைச்சிருக்கிறது நீ சொன்ன அந்தப் பச்சையோ?"

"பச்சையின்ர ஓரம், மாமா."

"எங்க, எனக்குத் தெரியேல்லையே."

லென்ஸுக்கு அது அகப்படாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வில்லை சூடேறிப் பனி பூத்து நீர் வடிய, கொழும்பு ஈரம் இதற்கு ஆகாது என்று நான் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா இழுப்பறையிலிருந்து உரைகல்லை எடுத்தார். "ஒருக்காத் தேய்க்கட்டோ?" மறுக்க முடியவில்லை. அடிப்பக்க ஓரத்தைக் காட்டினேன். தேய்த்தார். கறுப்பில் கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார், துணியால் துடைத்தார், இன்னொரு தரம் தேய்த்தார்.